துடைப்பமா, குரலா? அக்கம்பக்கத்துப் பூங்காக் குழுக்கள் எதற்காக

ஊஞ்சலின் சங்கிலியும் அதைத் தாங்கும் கொக்கியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடத்தில் இரும்பு மெல்ல மெல்லத் தேயும். மாதக்கணக்கில் தேய்ந்து, கடைசியில் ஒரு நாள், ஒரு குழந்தை உயரமாக ஆடும்போது விட்டுவிடும். நகராட்சி ஆய்வாளர் ஒருமுறை வந்து போவதற்கும் மறுமுறை வருவதற்கும் இடையே பல வாரங்கள் ஓடிவிடும். ஆனால் தினமும் மாலையில் பேரப்பிள்ளையை அந்த ஊஞ்சலில் உட்காரவைக்கும் பாட்டிக்கு, சங்கிலியின் சத்தம் மாறியது முதல் நாளே தெரியும். அவருக்குத் தெரிந்தது, அதைச் சரிசெய்யக்கூடியவரின் மேசைக்கு எப்படிப் போய்ச் சேரும்? பல நகரங்கள் இந்தக் கேள்விக்குக் கண்ட விடைதான் பூங்காக் குழு.

சிகாகோவில் இதற்குப் பூங்கா ஆலோசனைக் குழு என்று பெயர். பிரிட்டனில் பூங்கா நண்பர்கள் என்பார்கள். ஜப்பானின் யோகோஹாமா நகரில் 1960களின் தொடக்கத்திலிருந்தே ‘கோயென் ஐகோகாய்’ என்ற ஏற்பாடு இருந்துவருகிறது. பூங்காவை அன்போடு பேணுவோர் சங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பெயரும் சட்ட வடிவமும் இடத்துக்கு இடம் மாறும். உள்ளே இருக்கும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்: பூங்காவைச் சுற்றி வாழ்பவர்கள் சம்பளம் ஏதுமின்றி, தங்களுக்குள் பொறுப்பாளர்களை வைத்துக்கொண்டு, தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பொது நிலத்துக்காகத் தொடர்ந்து கூடுகிறார்கள். நிலம் நகரத்தினுடையது. பட்ஜெட்டும் நகரத்தினுடையது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் அங்கேதான்.

இந்தக் குழுக்கள் என்றதும் பலரின் மனதில் வருவது ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. கையுறை போட்ட பத்துப் பேர், குப்பைப் பைகள், கடைசியில் ஒரு குழுப் படம். நல்ல காட்சிதான். ஆனால் அது இவர்களுடைய வேலையில் சிறு பாதி. பெரும்பாதி கண்ணுக்குத் தெரியாதது: கவனித்தல், நினைவில் வைத்திருத்தல், கேட்டல், பதில் வரும்வரை மறுபடியும் கேட்டல். பூங்காக் குழுவைத் துடைப்பமாக மட்டும் பார்க்கும் நகரம் அதை வீணடிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சிகாகோவின் கதை அதற்கு ஒரு சான்று.

சிகாகோ சொல்லும் கதை

சிகாகோவின் பூங்காக்கள் மாநகராட்சியின் ஒரு துறையாக இல்லை. 1934இல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், நகரெங்கும் தனித்தனியாக இயங்கிய 22 பூங்கா வாரியங்களை ஒன்றாக்கி ஒரே அமைப்பை உருவாக்கினார்கள். இன்று அதன் கீழ் 600க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய அமைப்பில் பணத்தையும் பணியாளர்களையும் எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பவர்கள் மையத்தில் இருப்பார்கள். விளைவை அனுபவிப்பவர்கள் தெருமுனையில் இருப்பார்கள்.

1982இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் இந்த அமைப்பின் மீது வழக்குத் தொடுத்தது. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் பகுதிகளின் பூங்காக்களுக்கு வசதிகளும் நிகழ்ச்சிகளும் குறைவாகவே தரப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு. 1983இல் நீதிமன்றத்தின் முன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது; புறக்கணிக்கப்பட்ட பூங்காக்களில் கூடுதலாகச் செலவிட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அக்கம்பக்கத்து ஆலோசனைக் குழுக்கள் அந்நகரில் வேர்பிடித்து வளர்ந்தது இதையொட்டிய காலத்தில்தான்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்தப் பூங்காவில் என்ன இல்லை என்பதைக் கண்டுபிடிக்க வழக்கு தேவைப்படவில்லை. அந்தத் தெருக்களில் வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரிந்தது போய் நுழைவதற்கு நிர்வாகத்தில் ஒரு கதவு இல்லை என்பதே பிரச்சினை. குழு என்பது அந்தக் கதவு. அதனால்தான் அங்கே குழுக்களுக்கென்று சில விதிகள் வைத்தார்கள்: யார் வேண்டுமானாலும் சேரலாம், பொறுப்பாளர்களைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், எழுதப்பட்ட சட்டதிட்டம் இருக்க வேண்டும், கூட்டம் பொதுவில் நடக்க வேண்டும். கேட்பதற்குச் சலிப்பூட்டும் விதிகள். ஆனால் நாலு நண்பர்கள் கூடிப் பேசுவதையும் ஓர் அக்கம்பக்கம் பேசுவதையும் பிரிப்பது இந்த விதிகள்தான்.

அதே சிகாகோவில்தான் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சகாக்களும் 343 அக்கம்பக்கங்களில் 8,782 பேரிடம் பேசி, 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அண்டை வீட்டாரை நம்புவதும், பொதுநலனுக்காக முன்வந்து தலையிடத் தயாராக இருப்பதும் சேர்ந்த ஒரு பண்பை அவர்கள் அளந்தார்கள். அந்தப் பண்பு வலுவாக இருந்த இடங்களில், வறுமை போன்ற மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. அது பூங்காக்களைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் அப்படிப்பட்ட நம்பிக்கை எங்கே முளைக்கும் என்று யோசித்தால் பூங்கா நினைவுக்கு வராமல் போகாது. முன்பின் தெரியாத இருவர் ஒரே பெஞ்சைப் பற்றி மூன்று மாதம் கடிதம் எழுதிவிட்டால், அதன்பின் அவர்கள் அந்நியர்கள் இல்லை.

ஆலோசனை என்ற சொல்லின் எடை

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர், குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடிப்படிகளில் மக்களை வசப்படுத்துவது. உச்சியில் மக்களே நடத்துவது. கருத்துக் கேட்பதும், ஆலோசனை சொல்ல நாற்காலி கொடுத்துச் சமாதானப்படுத்துவதும் நடுப்படிகள். அந்த நடுப்படிகளை அவர் பெயரளவுப் பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். பூங்கா ஆலோசனைக் குழுக்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன.

அப்படியானால் இவை வெறும் கண்துடைப்பா? அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பூங்காவைச் சுற்றியுள்ள பதினைந்து பேருக்குத் தடுப்பதிகாரம் கொடுத்துவிட்டால், நாலு தெரு தள்ளி வாழ்ந்து, பேருந்தில் வந்து அதே பூங்காவில் பந்தாடும் இளைஞனின் நிலை என்ன? பூங்கா எல்லோருக்கும் பொது. எனவே முடிவெடுக்கும் அதிகாரம், தேர்ந்தெடுக்கப்பட்டு மக்களுக்குப் பதில்சொல்லும் அமைப்பிடம் இருப்பதில் நியாயம் உண்டு. குழுவுக்குத் தேவைப்படுவது வேறொன்று: கேட்ட கேள்விக்கு, குறித்த நாளுக்குள், எழுத்தில் பதில் பெறும் உரிமை. ‘முடியாது, இந்தக் காரணத்தால்’ என்ற பதிலாக இருந்தாலும் சரி. பதில் வரும் இடத்தில் ஆலோசனைக்கு எடை வந்துவிடும். வராத இடத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் நாற்காலிதான் தேயும்.

பொதுவளங்களை மக்கள் தாங்களே நிர்வகிக்கும் முறைகளை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் இதை வேறு திசையிலிருந்து சொன்னார். நெடுநாள் நிலைத்த மேய்ச்சல் நிலங்கள், பாசன அமைப்புகள், மீன்பிடி இடங்கள் ஆகியவற்றில் அவர் கண்ட பொதுக்கூறுகளில் இரண்டு இங்கே பொருந்தும்: விதிகளுக்கு உட்படுகிறவர்களுக்கு அவற்றை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும், தாங்களாகவே அமைப்பாகத் திரளும் அவர்களது உரிமையை அரசு மதிக்க வேண்டும். அரசு தரும் சேவை எதுவும் பயனாளியின் பங்களிப்பில்லாமல் முழுமையடையாது என்பதையும் அவர் வலியுறுத்தினார். குப்பைத்தொட்டியை நகரம் வைக்கலாம்; அதில் குப்பையைப் போடுவது மக்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்பதைப் போலவே முக்கியமான இன்னொரு வேலை நினைவில் வைத்திருப்பது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். ஒப்பந்ததாரர் மாறுவார். வரைபடம் எங்கோ ஒரு அலமாரியில் கிடக்கும். தண்ணீர்க் குழாய் எந்த மரத்தடியில் வளைந்து போகிறது, எந்த மூலையில் மழைக்குப் பின் இரண்டு நாள் தண்ணீர் தேங்குகிறது, ஒரே குழியில் மூன்று கன்றுகள் நட்டு மூன்றும் ஏன் பட்டுப்போயின என்பதெல்லாம் பக்கத்தில் வாழ்பவருக்குத் தெரியும். நான்காவது கன்றோடு ஒப்பந்ததாரர் வந்து நிற்கும்போது, ‘அங்கே வேண்டாம், பத்தடி தள்ளி நடுங்கள்’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் ஒரு மரம் பிழைக்கும். அவர் ஊர் மாறிப் போய்விட்டாலும் அது குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். நல்ல குழுவின் உண்மையான சொத்து அந்தக் குறிப்பேடுதான் என்பேன்.

கைவேலையிலும் இதே கவனம் தேவை. ஆர்வம் மட்டும் இருந்து, தெரிந்தவர் சொல்லித்தர ஆளில்லாவிட்டால் நல்ல மனமே தீங்காகும். மரத்தடியில் மூடாக்குப் போடுவதை, அதாவது காய்ந்த இலை, மரச்சீவல் போன்றவற்றால் மண்ணை மூடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில், தண்டைத் தொடாமல் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும். அதையே மலைபோல் தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகும். தன்னார்வலர்கள் ஒரே காலையில் ஒரு வரிசை மரங்களுக்கே இதைச் செய்துவிட முடியும். விளைவு தெரியச் சில ஆண்டுகள் ஆகும். கிளை வெட்டுவது, ஏணி ஏறுவது, பூச்சிமருந்து அடிப்பது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற பணியாளர்களிடமே விட வேண்டும். மாறாக, நட்ட கன்றுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேர் பிடிக்கும்வரை விடாமல் தண்ணீர் ஊற்றும் வேலையில் அக்கம்பக்கத்தாரை மிஞ்ச ஆளில்லை.

இலவச உழைப்பு என்ற பொறி

இங்கிலாந்தில் பூங்காக்களைப் பராமரித்தே தீர வேண்டும் என்ற சட்டக் கடமை உள்ளாட்சிகளுக்கு இல்லை. 1847இல், பொதுப்பணத்தில் பிர்கன்ஹெட் பூங்காவைத் திறந்து உலகுக்கே வழிகாட்டிய நாடு அது. இருந்தும், பணம் இறுகும்போது முதலில் வெட்டு விழுவது பூங்கா போன்ற, சட்டம் கட்டாயப்படுத்தாத செலவுகளில்தான். 2010க்குப் பிந்தைய சிக்கன ஆண்டுகளில் அதுதான் நடந்தது. 2016இல் அங்குள்ள பாரம்பரிய லாட்டரி நிதியம் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று ஆண்டுகளில் தங்கள் பட்ஜெட் குறைந்துவிட்டதாக 92 சதவீதப் பூங்கா மேலாளர்கள் சொன்னார்கள். அதே காலத்தில் பூங்கா நண்பர்கள் குழுக்கள் பெருகி, நாடு முழுக்க 5,000க்கும் மேல் இருந்தன.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வருகின்றன. மக்கள் தங்கள் பூங்காவைக் கைவிடவில்லை என்பது மகிழ்ச்சி. சம்பளம் வாங்கிய தோட்டக்காரர் விட்டுப்போன மண்வெட்டியைத் தன்னார்வலர் எடுத்துக்கொண்டால், அந்தத் தோட்டக்காரர் வேலை திரும்ப வராமலே போய்விடலாம் என்பது கவலை. பூங்காப் பராமரிப்பைச் சட்டக் கடமையாக்கக் கோரி 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 2017இல் அறிக்கை தந்த நாடாளுமன்றக் குழு பூங்காக்களின் அவல நிலையை ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டக் கடமையைப் பரிந்துரைக்கவில்லை.

தன்னார்வ மணிநேரங்களை எண்ணி அவற்றைப் பணமாக மாற்றிக் காட்டும் பழக்கம் அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் பரவியிருக்கிறது. மானியம் கேட்கும்போது அது உதவும் என்பது உண்மை. ஆனால் நிதித்துறை அந்தத் தொகையைப் பார்க்கும்போது, ‘நமக்கு மிச்சம்’ என்றே படிக்கும். குழு வாதாட வேண்டிய இடம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: இத்தனை மணிநேரம் நாங்கள் கொடுத்தும் புல்வெட்ட ஆளில்லை என்றால், நீங்கள் எத்தனை பேரை அமர்த்த வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

பராமரிப்புக்குக் கூலி கொடுப்பது வீண்செலவு இல்லை என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நல்ல சான்று உண்டு. அங்கே 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியைச் சுத்தம்செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாண்டி உள்ளே போகக்கூடிய தாழ்வான மரவேலி போட்டு, தொடர்ந்து பராமரித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள அக்கம்பக்கங்களில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. வேலி உள்ளே வர அழைப்பதாக இருந்தது என்பதையும், பராமரிப்பு ஒருநாள் விழாவாக நின்றுவிடாமல் தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பணக்காரப் பூங்காவும் பக்கத்துப் பூங்காவும்

1970களின் நிதி நெருக்கடியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பாழடைந்து கிடந்தது. 1980இல் தொடங்கப்பட்ட தனியார் அறக்கட்டளை ஒன்று, நகரத்தோடு கைகோத்து அதை மீட்டது. அது ஒரு சாதனைதான், மறுக்க மாட்டேன். ஆனால் 2012இல் ஜான் பால்சன் என்ற முதலீட்டாளர் அந்த ஒரு பூங்காவுக்கு மட்டும் 10 கோடி டாலர் கொடுத்தபோது, ஊருக்குள் ஒரு கேள்வி உரக்க எழுந்தது: செல்வர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியாத பூங்காக்களின் கதி என்ன? பெரிய அறக்கட்டளைகள் தங்கள் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை ஏழைப் பகுதிப் பூங்காக்களுக்குத் தர வேண்டும் என்று 2013இல் மாநில மேலவையில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை. 2015இல் எட்டு அறக்கட்டளைகள் தாங்களே முன்வந்து, பணமாகவும் பணியாகவும் 1.5 கோடி டாலர் மதிப்புக்கு உதவுவதாக அறிவித்தன.

சிறிய குழுக்களிலும் இதே ஏற்றத்தாழ்வு வேறு உருவில் இருக்கிறது. அங்கே இல்லாத பொருள் பணம் மட்டுமில்லை, நேரமும்தான். இரண்டு வேலை பார்க்கும் தாய் மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு வர முடியாது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லை. குழு உள்ள பூங்காவுக்கே உதவி என்று நகரம் விதி போட்டால், ஏற்கெனவே உள்ளவருக்கே இன்னும் போய்ச் சேரும். நியூயார்க்கில் 1995இல் தொடங்கிய ஒரு கூட்டுத் திட்டம் இதற்கு ஏற்ற வழி ஒன்றைக் காட்டியது: சம்பளம் பெறும் ஒருங்கிணைப்பாளர்களைத் தெருத்தெருவாக அனுப்பி, குழு இல்லாத இடத்தில் குழு தோன்ற உதவுவது. தன்னார்வம் தானாக முளைக்கும் என்று காத்திருப்பதைவிட இது நேர்மையான அணுகுமுறை.

‘எங்கள் பூங்கா’ என்ற சொல்லில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எங்கள் என்றதும் வெளியே நிற்கும் சிலர் உருவாகிவிடுகிறார்கள். இரவில் கூடும் பதின்பருவத்தினர், பெஞ்சில் தூங்கும் வீடற்றவர், சத்தமாகப் பந்தாடுபவர், நாயோடு வருபவர். இவர்களில் பலர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அவர்களைப் பற்றிய புகார்கள் மட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் வருகின்றன. கூடைப்பந்து வளையத்தைக் கழற்றுவது, பெஞ்சின் நடுவே படுக்க முடியாதபடி கைப்பிடி வைப்பது போன்ற கோரிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன. அமைதி வேண்டும் என்பவரின் கோரிக்கை பொய் இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் காசு கொடுக்காமல் உட்கார நகரத்தில் வேறு எத்தனை இடம் இருக்கிறது? ஒரு குழுவின் தரத்தை அளக்க நான் முதலில் பார்ப்பது, கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடி அது எப்போதாவது போயிருக்கிறதா என்பதைத்தான். பந்தாடும் நேரத்தில் திடலுக்கே போய்ப் பேசினாலே, வளையம் வேண்டாம் என்ற கோரிக்கை பாதி நேரங்களில் ‘ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம்’ என்ற உடன்பாடாக மாறிவிடும்.

டொரொண்டோவின் டஃபரின் குரோவ் பூங்கா இந்த வகையில் என் மனதுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு. 1990களில் அங்குள்ள மக்கள் பூங்காவுக்குள் ஒரு விறகு அடுப்பு கட்டி, பொதுவில் ரொட்டி சுடத் தொடங்கினார்கள். நெருப்பைச் சுற்றி மனிதர்கள் கூடுவார்கள் என்பது பழைய அறிவு. யாரையும் துரத்தாமல், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியே பூங்காவை எல்லோருக்கும் உரியதாக மாற்ற முடியும் என்பதை அது காட்டியது.

குழுக்கள் சண்டையில் முடிவதைவிடச் சோர்வில் முடிவதே அதிகம். ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஐந்தாவது ஆண்டில் களைத்து விலகுவார். சாவி, கணக்குப் புத்தகம், கடிதங்கள் எல்லாம் அவர் வீட்டிலேயே இருக்கும். அதனால்தான் பொறுப்புக்கு ஆண்டுவரம்பு, வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, எல்லோரும் பார்க்கும்படி கணக்கு என்ற சின்ன ஏற்பாடுகள் இவ்வளவு முக்கியமாகின்றன. நன்கொடை விஷயத்திலும் ஒன்று: புதுச் சறுக்குமரம் வாங்கப் பலர் பணம் தருவார்கள், அதன் மீது பெயர்ப்பலகை வைக்கலாம். அதை ஆண்டுதோறும் திருகு முடுக்க யாரும் தர மாட்டார்கள். எதையும் நிறுவுவதற்கு முன்பே, அதை யார் பராமரிப்பது என்பதை நகரத்தோடு எழுத்தில் முடித்துக்கொண்ட குழுக்கள் பின்னால் அழுவதில்லை.

புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே நகரத்திடம் கையுறையும் குப்பைப் பையும் கேட்பது வழக்கம். அவற்றோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். இந்தப் பூங்காவின் பராமரிப்பு அட்டவணை ஒரு நகல். கடந்த ஆண்டு இதற்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்ற கணக்கு. ஊஞ்சலின் சத்தம் மாறிவிட்டது என்று சொன்னால், எத்தனை நாளில், யார் எங்களுக்குப் பதில் சொல்வார் என்ற விவரம், பெயரோடும் தொலைபேசி எண்ணோடும்.